கட்டில் எந்த மாநிலத்தில்?

கடவுள் கரோலினாவை வடக்கு, தெற்கு என்று இரண்டாக உடைத்ததற்குக் காரணமே மிஸ் ஆர்லீன் ஸ்பைவிதான். அவருக்குத் திட்டுவதற்கு ஒரு மாநிலம் போதாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதுவரை பிறந்து மடிந்த கோடிக்கணக்கான பேரில், இரண்டு கரோலினாக்களையும் இம்மி பிசகாமல் சமமாக வெறுக்கத் தெரிந்த ஒரே பிறவி அவர். அவர் மூக்கைச் சுளித்தால் கடலே அரை மைல் பின்வாங்கும்.

பிறந்தது வடக்கில், பன்றிப் பண்ணைக்குப் பக்கத்து வீட்டில். காற்று திரும்பிய நாளில் கொடியில் காயும் போர்வைகூட அந்த வாடையைக் குடித்துவிடுமாம். அதிலிருந்து தப்பிக்கத்தான் பத்தொன்பது வயதில் ஹாய்ட் ஸ்பைவி என்கிற தெற்கத்திக்காரரைக் கட்டிக்கொண்டதாகச் சொல்வார். (எங்கள் பக்கம் கல்யாணமான பெரியவர்களையும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.) தெற்கில் காகித ஆலை இருந்தது. அழுகிய முட்டையை வேகவைத்த மாதிரி ஒரு நாற்றம். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் சுட்ட பன்றிக்கறியின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் கடுகுச் சாறு ஊற்றி வைத்தார்கள். வடக்கில் புளிக்காடியும் மிளகாயும் தவிர வேறெதுவும் கறியைத் தொடக்கூடாது. மணப்பெண் தட்டைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தை துணியில இருக்க வேண்டியதைத் தட்டுல வச்சிருக்கீங்களே" என்றார். ஸ்பைவி குடும்பத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

எல்லைக்கோட்டை ஒட்டி வடக்குப் பக்கத்தில் வீடு வாங்கினார்கள். ஹாய்ட் தச்சு வேலை செய்தார். மிஸ் ஆர்லீன் கடற்கரைச் சாலை உணவகத்தில் மீன் பொரிக்கப் போனார், இன்றுவரை பொரிக்கிறார். ஆனால் கடலில் கால் வைக்க மாட்டார். "அது கடலா? ரெண்டு மாநிலத்துச் சுற்றுலாக்காரனும் ஒண்ணா மூத்திரம் போற குட்டை" என்பார். குழந்தை பிறக்கவில்லை. ஹாய்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே நாற்காலியில் போய்ச் சேர்ந்தார். "தோக்குற டீமைப் பார்த்துக்கிட்டே செத்தார், பாவி" என்று மட்டும் சொல்வார். பிறகு எழுந்து போய் எதையாவது தேய்த்துக் கழுவுவார்.

நான் டெஸ்ஸா. என் அம்மாவால் தன்னையே பார்த்துக்கொள்ள முடியாமல் போனபோது, வட கரோலினாவின் குழந்தைகள் நல அலுவலகம் என்னை ஒரு பையோடு இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டது. வந்த அன்றே மிஸ் ஆர்லீனின் செருப்புக்குள் உயிருள்ள நண்டு ஒன்றை வைத்தேன். அவர் கத்தவில்லை. எடுத்து, வேகவைத்து, உடைத்து, பாதியை என் தட்டில் போட்டார். "ஓடு மட்டும்தான் இருக்கு, சதையே இல்ல. அடுத்த தடவை பெருசா புடி."

இரண்டு வருடம் போனது. இந்த ஆகஸ்டில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். பழைய எல்லையை எந்தக் காலத்திலோ மரங்களில் வெட்டி அடையாளம் வைத்திருந்தார்களாம். மரம் எல்லாம் போய்விட்டதால் மறுபடி அளந்தார்கள். ஆரஞ்சு நிற முளைக்குச்சிகள் சோளக்காடு வழியாக வந்து, எங்கள் வீட்டுக்குள் புகுந்து, மறுபுறம் வெளியேறின. சமையலறையும் முன்கூடமும் வடக்கு. பின்னால் இருந்த இரண்டு படுக்கையறைகளும் தெற்கு.

"ரெண்டு பக்கமும் இருக்கற வீட்டுக்கு ஒரே ஒரு விதிதாம்மா," என்றார் அளவை அதிகாரி டில்லரி. "எங்க படுக்கறீங்களோ அதுதான் உங்க மாநிலம். வெள்ளிக்கிழமை வந்து கட்டில் எங்க கிடக்குன்னு பார்த்து எழுதிக்கிட்டுப் போவேன்."

"அதாவது அறுபத்திமூணு வயசுல, சாக்கடையா கக்கூஸான்னு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்றீங்க."

டில்லரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவர்கள் பொறுப்பிலுள்ள பிள்ளை அவர்கள் மாநிலத்தில்தான் உறங்க வேண்டும். கட்டில் தெற்கில் கிடந்தால், தெற்கு அனுமதி தரும்வரை டெஸ்ஸா ஃபயட்வில் விடுதியில் இருக்க வேண்டும். அனுமதி வருவதற்குள் டெஸ்ஸாவுக்குப் பதினெட்டே ஆகிவிடலாம்.

மிஸ் ஆர்லீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். சீவுவதை நிறுத்தவில்லை.

"போனாப் போறேன். பையை எப்பவோ கட்டிட்டேன்," என்றேன்.

"ரொம்ப நல்லது. ஈரத்துணி எதையும் உள்ள வைக்காத. பூஞ்சை பிடிச்சு நாறும்."

அவ்வளவுதான் பேச்சு. நான் வெளியே போய் ஒரு முளைக்குச்சியை உதைத்தேன். கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஹாய்டின் தம்பி டுவைட் எல்லைக்கு அந்தப்பக்கம் பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். வடக்கில் தடைசெய்த பட்டாசை வடக்கத்திக்காரர்களுக்கே விற்கும் தொழில். திங்கட்கிழமை மாலை வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணுமே பண்ணாதீங்க அண்ணி. கட்டில் ஏற்கெனவே தெற்குலதான் கிடக்கு. கிடந்துட்டுப் போகட்டும். எங்ககிட்ட பெட்ரோல் மலிவு. பட்டாசு வேணுங்கற மட்டும்."

"நான் பட்டாசு கொளுத்தி யாரை எழுப்பப் போறேன்?"

"அண்ணன் படுத்த ரூமு அது."

"படுத்தாரா? மரம் அறுத்தாரு. அந்தக் குறட்டைக்கே சுவத்துல விரிசல் விட்டிருக்கு, போய்ப் பாரு."

"எங்க ஊருல மனுஷன் மனுஷனா இருப்பான் அண்ணி. வடக்கத்திக்காரன் மாதிரி மூக்கைத் தூக்கிட்டுத் திரிய மாட்டான்."

"தூக்குனா ரோட்டுல இருக்கற பள்ளம் தெரியாதே, அதான் தூக்க மாட்டான். உங்க ரோட்டுல முட்டை வாங்கிட்டு வந்தா வீட்டுல ஆம்லெட்டாத்தான் இறங்குது."

"அப்ப வடக்குல இருங்க!"

"வடக்கா? நாலு எழுத்துப் படிச்சுட்டோம்கற திமிரு. எங்க மாமன் மகன் ஒருத்தன் பன்னிச் சாணிக் குட்டைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு 'எங்க காத்து சுத்தமானது'ன்னு சத்தியம் பண்ணுவான். த்தூ."

"அண்ணி, ஏதாவது ஒண்ணு உங்களுக்குப் பிடிச்சுத்தானே ஆகணும்?"

"எதுக்கு? உன்னைக்கூடத்தான் பிடிக்கல. வாரா வாரம் காபி கொடுக்கறேனே."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலைப் பற்றி மிஸ் ஆர்லீன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. டுவைட் போன பிறகு முன்கூடத்துச் சோஃபாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எலி செத்துக் கிடப்பதைப் பார்க்கிற முகம்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவர் இரண்டு மாநிலங்களையும் மாறி மாறித் திட்டினார். தெற்கின் கரப்பான்பூச்சி பறக்கிறது, வடக்கின் கரப்பான்பூச்சி நகர்ந்து வழிகூட விடுவதில்லை. தெற்கில் தேநீர் சர்க்கரைப் பாகு, வடக்கில் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர். எந்தப் பக்கம் எடை சாய்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கில் நான் எப்போதுமே தோற்றவள். ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் குடியிருந்தேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, மிஸ் ஆர்லீன் மீன் பொரிக்கப் போனதும், நானே ஒரு பக்கத்தைச் சாய்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வஞ்சிரம் பிடிக்கப் போகிறவர்கள் கடலில் சொட்டுச் சொட்டாக விடும் மீனெண்ணெய் ஒன்று உண்டு. அழுகிய மீனைப் பிழிந்து எடுத்தது. மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். டுவைட்டின் படகுக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த ஒரு புட்டியை மிஸ் ஆர்லீனின் படுக்கையறை ஜன்னலில் இருக்கும் ஏசிக்குள் முழுதாகக் கவிழ்த்து, சுவிட்சைப் போட்டேன்.

தென் கரோலினாவின் மொத்த மீனும் ஒரே மூச்சில் ஏப்பம் விட்டது போல இருந்தது. எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. ஏசியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். இனி இந்த அறையில் பிணம்கூடப் படுக்காது. வேறு வழியில்லாமல் கட்டிலை வடக்கே இழுத்தாக வேண்டும். இதுதான் திட்டம். சாயங்காலம்வரை ஓடைக்கரையில் கொசுவுக்குத் தீனியாக உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் அளவை அலுவலக வண்டி நின்றது. டுவைட்டின் வண்டியும் நின்றது. சோஃபா தாழ்வாரத்தில் தலைகீழாகக் கிடந்தது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த டுவைட், "வந்துட்டியா, மகாராணி," என்றார். "அந்த வால்நட் கட்டிலைத் தூக்குனதுல என் இடுப்பு ரெண்டு மாநிலத்துலயும் இல்லாமப் போயிடுச்சு."

உள்ளே போனேன். முன்கூடத்தில் மிஸ் ஆர்லீனின் பெரிய கட்டில் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே, சமையலறைக் கதவை முழுதாகத் திறக்கவிடாமல், என் கட்டில். என் பை அதன்மேல் இருந்தது. திறந்து காலியாக. துணிகள் மடித்து ஜன்னலோரம் அடுக்கியிருந்தன.

டில்லரி எழுதிக்கொண்டிருந்தார். "ரெண்டு கட்டிலும் வடக்கு. செவ்வாய்க்கிழமை போன்ல சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்கம்மா."

"செவ்வாய்க்கிழமையா?" என்றேன்.

மிஸ் ஆர்லீன் என்னைப் பார்க்கவில்லை. "பன்னி நாத்தம் பழகிப்போச்சு," என்று டில்லரியிடம் சொன்னார். "வேற ஒண்ணுமில்ல."

நான் காலிப் பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினேன்.

"பின்னாடி ரூமையும் ஒரு தடவை பார்த்துட்டா முடிஞ்சுது," என்றார் டில்லரி.

மூவரும் நடையில் நடந்தோம். மிஸ் ஆர்லீன் படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார், ஆனால் திருப்பவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் கை என் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கதவை இன்னும் திறக்கவே இல்லையே, குட்டி," என்றார். "பையைக் கட்டிட்டுப் போகக் காத்திருக்கறவளுக்கு அதுக்குள்ள எப்படி நாறுது?"