சத்துமாவு என்று நான் எழுதிய டப்பா

தென்காசி லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் பார்க்கும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எந்தப் பார்சலையும் எடை போடும் முன் காதருகே தூக்கி, மெல்லச் சாய்த்துக் கேட்பார்.

தேனிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பியிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. அவனுக்காகத் துப்பாக்கி மருந்தை ஒரு டப்பாவில் அடைத்து, 'சத்துமாவு' என்று எழுதிக் கொண்டுபோனேன். கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். விதி தெரியாமல் இல்லை. முறைப்படி அனுப்ப அலையச் சோம்பல்பட்டுப் பொய் எழுதினேன்.

"மாவு இப்படிச் சரசரக்காதே, அண்ணாச்சி. உள்ள என்ன?"

உண்மையைச் சொன்னேன். டப்பாவை மெதுவாக நிழலில் வைத்தவர், வெளியே நின்ற டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, பீடிய அணைச்சிட்டு அங்கன தள்ளி நில்லுலே!"

பிறகு என்னிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இதுக்குன்னு பெட்டி இருக்கு, லேபிள் இருக்கு, வண்டியும் வேற. நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியும். அந்த டிரைவருக்கு நான் எழுதுத சீட்டு மட்டுந்தான் தெரியும். அதை நம்பித்தான் பெட்டி மேல சாஞ்சு தூங்குதான். இங்கன இருந்து பொய்ச் சீட்டு ஒண்ணுகூடப் போனதில்ல, அண்ணாச்சி."

டப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். இன்றும் அவரிடம்தான் பார்சல் போடுகிறேன். எங்கள் ஊர்ச் சரக்கு அவர் கையால் போவதில் எனக்குப் பெருமை. என் பெட்டியை மட்டும் பிரித்துப் பார்த்தே வாங்குகிறார். ஏன் என்று வரிசையில் யாராவது கேட்டால், "அண்ணாச்சிக்குப் பிரிச்சுக் காட்டிக் குடுத்தாத்தான் திருப்தி" என்கிறார்.