கட்டைவிரல் வேண்டாத தாழ்ப்பாள்

அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர் வைத்தது அப்பாதான். படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், "அங்க போய் என்னதாம்மா செய்யுற?" என்று அவர் கேட்க, அவள் வீட்டில் உடைந்து கிடந்த கைபேசி ஒன்றின் முதுகைக் கழற்றிக் காட்டினாள். திரையிலிருந்து ஒரு நாடா வரும். காகிதம் போல வளையும், உள்ளே செம்புக் கோடுகள் ஓடும். அது சர்க்யூட் போர்டில் வந்து சேரும் இடத்தில், எள்ளை வரிசையாக அடுக்கி வைத்தது போல ஒரு சின்னக் கறுப்புக் கட்டை. அதுதான் கனெக்டர். நாடாவை அதன் வாயில் செருகி, மேலிருக்கும் மூடியை நகத்தால் சாய்த்து அழுத்தினால், உள்ளே இருக்கும் தங்க முலாம் பூசிய பற்கள் நாடாவைக் கவ்விக்கொள்ளும்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தாழ்ப்பாள்னு சொல்லு. எறும்பு வீட்டுக்குத் தாழ்ப்பாள் செஞ்சு குடுக்குற. இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?"

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அது உதிரவில்லை.

தங்கைக்குச் சுண்டு என்று பெயர். குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு இருந்தாளாம். அவள் அக்காவைப் போல இல்லை. பூட்டுக்காரி பத்து வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பேசுவாள். சுண்டு தூங்கும்போதுதான் வாயை மூடுவாள். சீக்கிரமே கல்யாணம், ஒரே ஒரு பெண் குழந்தை. கணவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவன், மழைக்காலத்தில் வீட்டில் இருப்பவன். பூட்டுக்காரியின் கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, சுண்டுவும் கேட்டதில்லை. வாயாடிக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் அடங்கிவிடும்.

கைபேசி பொருத்தும் தொழிற்சாலை ஒன்று ஊருக்கு வெளியே வந்தபோது, சுண்டுவை அங்கே சேர்த்துவிட்டது பூட்டுக்காரிதான். அவளுடைய கம்பெனி கனெக்டர் செய்து கொடுத்த இடம் அது. முதல் வாரம் சுண்டு போன் செய்தாள்.

"அக்கா, என்னை எங்க உட்கார வச்சிருக்காங்க தெரியுமா? உன் தாழ்ப்பாளுக்கு முன்னாடி! நாடாவைச் சொருகுறேன், மூடுறேன். சொருகுறேன், மூடுறேன். பக்கத்துல இருக்கறவகிட்ட இது எங்க அக்கா செஞ்சதுன்னு சொன்னா, நம்ப மாட்டேங்குறா."

அன்று முழுவதும் பூட்டுக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு குறை வந்தது. கைபேசியைக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் மூடி தானாகவே வாயைப் பிளந்தது, திரை இருண்டது. கனெக்டரை வாங்குகிறவர்கள் குதித்தார்கள். அலுவலகத்தில் பூட்டுக்காரியின் தலை உருண்டது. அவள் நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்து, மூடியின் அடியில் மூக்கு போலத் துருத்தியிருக்கும் முனையை ஒரு மயிரிழை தடிப்பாக்கினாள். இப்போது மூடும்போது அந்த மூக்கு பற்களின் மேல் ஏறி, டிக்கென்று அந்தப் பக்கம் விழுந்து உட்கார்ந்தது. மாடியிலிருந்து போட்டாலும் திறக்கவில்லை. மூடுவதற்கு எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்று இயந்திரத்தில் ஊசியை வைத்து அளந்தார்கள். முன்பைவிடக் கூடியிருந்தது, ஆனால் அனுமதித்த எல்லைக்குள் இருந்தது. அது ஒரு முறை மூடுவதற்கான கணக்கு. ஒரு நாளில் ஒருத்தி எத்தனை முறை மூடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனபோது, சுண்டு தண்ணீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கி வந்தாள்.

"என்னடி இது, பச்சைக் குழந்தை மாதிரி?"

"ஒண்ணுமில்ல. வழுக்குச்சு."

உள்ளறையிலிருந்து அவளுடைய மகள் தலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "பெரியம்மா, நீங்களாச்சும் எனக்குப் பின்னி விடுங்க. அம்மாவுக்குக் கட்டைவிரல் செத்துப் போச்சு."

"வாயை மூடு," என்றாள் சுண்டு.

பூட்டுக்காரி அந்தக் கையை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலின் நுனி வெளுத்துத் தடித்திருந்தது. நகம் பாதியில் பிளந்து கறுத்திருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். சுண்டு முகத்தைச் சுளிக்கவே இல்லை. மணிக்கட்டைத் தொட்டபோதுதான் 'ஆ' என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"முன்னாடி தொட்டாலே மூடிக்கும். நடுவுல என்னவோ மாத்திட்டாங்க. இப்போ முரட்டு மாடு மாதிரி நிக்குது. எங்க வரிசையில எல்லாருக்கும்தான். துணி சுத்திக்கிட்டா நூல் விழும்னு திட்டுறாங்க. குச்சி வச்சு அழுத்தினா போர்டு கீறும்னு புடுங்கிக்கிட்டாங்க. பழகிடும், விடு."

மாற்றியது யார் என்று பூட்டுக்காரி சொல்லவில்லை. சுண்டுவுக்குத் தெரியாமல் இருக்கவும் வழியில்லை. இரண்டு பேரும் குழந்தையின் பின்னலைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். மூக்கைப் பழையபடி இளைக்க வேண்டும் என்றாள்.

"இளைச்சா கீழ விழுந்தா திறக்கும். நீங்கதானேம்மா கண்டுபிடிச்சீங்க?"

"வரிசையில இருக்கறவங்க கை போகுது சார்."

அவர் கெட்டவர் இல்லை. தன் கட்டைவிரலைத் தானே ஒரு முறை மடக்கிப் பார்த்தார். "வாங்குறவங்க கேட்டாங்கன்னா பண்ணலாம். அவங்க திறக்குதுன்னு கேட்டாங்க, வலிக்குதுன்னு கேட்கல. வலியை டிராயிங்ல எங்கம்மா காட்டுவீங்க?"

ஏதோ புகாரைப் பார்க்க வந்தவள் போல அவள் அந்தத் தொழிற்சாலைக்கும் போனாள். நீல மேலங்கி போட்ட பெண்கள் நீள வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லா முழங்கைகளும் ஒரே சமயத்தில் உயர்ந்து தாழ்ந்தன. சுண்டு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பூட்டுக்காரி வரிசைக் கடைசியில் காலியாக இருந்த முக்காலியில் உட்கார்ந்து, தானும் நாடாவைச் செருகி மூடிப் பார்த்தாள். தேநீர் வேளைக்கு முன்னாலேயே அவள் நகக்கண் தீயாய் எரிந்தது. எழுந்து வந்துவிட்டாள். அவளால் எழுந்து வர முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் புது கனெக்டரைக் கையில் எடுத்தாள். மூடியே வேண்டாம். நாடாவின் இரண்டு ஓரங்களிலும் சின்னப் பள்ளம் வெட்டிவிட வேண்டும். நாடாவைத் தள்ளினால் உள்ளே ஒரு கொக்கி தானே எகிறி அந்தப் பள்ளத்தில் விழ வேண்டும். சொல்ல எளிது. முதலில் செய்தவை நாடாவைக் கிழித்தன. அடுத்தவை பிடித்தன, விட மறுத்தன. கொக்கியின் வளைவை ஏற்றுவதும் இறக்குவதுமாக மாதங்கள் போயின. அலுவலகத்தில் யாரும் கேட்காத வேலை. மற்ற வேலைகளின் இடுக்கில் செய்தாள். ஒரு நாள் பிற்பகலில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரல் நுனியால் நாடாவைத் தள்ளினாள். போய் உட்கார்ந்தது. இழுத்தாள், வரவில்லை. மேசையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மேலாளர் அதை வாங்குகிறவர்களிடம் கொண்டுபோனார். அவள் எதிர்பார்த்ததைவிட அவர்கள் பல மடங்கு மகிழ்ந்தார்கள். வந்திருந்த பொறியாளர், சின்ன வயசுக்காரர், கனெக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். ரெண்டே ரெண்டு மாற்றம். வாயைப் புனல் மாதிரி கொஞ்சம் விரிச்சுடுங்க, நாடா ஒரு இழை விலகி வந்தாலும் உள்ள போயிடணும். அப்புறம் நாடாவுக்கு மேல ஒரு தட்டையான இடம் வேணும்."

"தட்டை எதுக்கு?"

"உறிஞ்சிப் பிடிக்க."

மனிதக் கை எதையும் உறிஞ்சிப் பிடிப்பதில்லை. விரலுக்கு வாய் விரிய வேண்டியதும் இல்லை, கண் இருக்கிறதே. இது இயந்திரக் கைக்கு என்று அந்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பின்னால் ஒரு நாளும் அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அவள் வரையவில்லை என்றால் பக்கத்து மேசைக்காரன் வரைவான். வரையாமல் விட்டால் அந்தப் பழைய மூக்கே இருக்கும், சுண்டுவுக்கு அடுத்த விரலும் போகும். ஒருவேளை ஆட்களை வேறு வரிசைக்கு மாற்றுவார்கள். இப்படி எல்லாம் எண்ணிக்கொண்டே வாயை விரித்தாள், தட்டையான இடத்தையும் வரைந்தாள். கோடு கோணவில்லை.

தங்கைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல முறை போனை எடுத்தாள். குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அடுத்த கோடையில் அந்த வரிசை இருந்த இடத்தில் கண்ணாடிக் கூண்டுகள் வந்தன. உள்ளே இரும்புக் கைகள் நாடாவை உறிஞ்சி எடுத்துச் செருகின. காலையில் வேலைக்கு வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேறு வரிசைக்குச் சிலரை எடுத்தார்கள். அதற்குச் சோதனையாக, ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு கிண்ணத்தில் பொடித் திருகாணிகளைக் கொட்டி, பொறுக்கி வைக்கச் சொன்னார்கள். சுண்டுவின் விரலில் ஒன்றுகூட நிற்கவில்லை.

பூட்டுக்காரி போனபோது தங்கை தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கணவன் வெளியே போயிருந்தான்.

"நீ செஞ்சதுதானே?"

"ஆமா."

"எனக்காகத்தானே?"

பூட்டுக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"தலை வலிக்குதுன்னா தலையையே எடுத்துட்டியே அக்கா. நான் உன்கிட்ட எதாச்சும் கேட்டேனா? பழகிடும்னுதானே சொன்னேன். என் கூட இருந்தவ ஒருத்தி, ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு, உங்க அக்காவை நல்லா இருக்கச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போறா. அது வாழ்த்தா சாபமான்னு எனக்குத் தெரியல."

"மெஷினுக்குன்னு தெரிஞ்சதும் உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். "முன்னாடியே தெரியுமா?"

அவ்வளவு நேரமும் கோபம் மட்டுமே இருந்த முகம் அப்போதுதான் மாறியது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூட்டுக்காரி கூடத்தில் வெகுநேரம் நின்றாள். பள்ளிவிட்டு வந்த குழந்தை, "பெரியம்மா, உட்காருங்க," என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவின் கையை அறுத்துச் சரிசெய்தார்கள். மணிக்கட்டு வலி குறைந்தது. விரலில் உயிர் திரும்பவில்லை. சுண்டு இப்போது ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டுகளைத் துடைக்கிறாள். துடைப்பத்தை இடது கையால் பிடித்து, வலது முழங்கையால் அணைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். பேச்சு குறைந்துவிட்டது. பூட்டுக்காரியைப் பதவி உயர்த்தினார்கள். தனி அறை கிடைத்தது. வேலையை விட்டுவிடலாம் என்று இருமுறை நினைத்தாள், விடவில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அக்காவும் தங்கையும் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரி தானாகப் போனாள். சுண்டு பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அலசிவிடலாம், பிழியத்தான் முடியாது. ஈரத் துணிகள் சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கின. பூட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் ஒரு போர்வையை இறக்கி முறுக்கினாள். சுண்டு தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. அடுத்ததை வாளியிலிருந்து எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் போகிறாள். இருவருக்கும் நடுவில் பேச்சு என்று அதிகம் இல்லை. குழந்தையின் பரீட்சை, மழை, கொடிக் கயிறு இற்றுவிட்டது, இவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒருத்தி கேட்டதும் இல்லை, மற்றவள் கொடுத்ததும் இல்லை. போன வாரம் பெரிய விரிப்பு ஒன்றை முறுக்கிக் கொடியில் போடப் போனபோது, சுண்டு அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் தண்ணி நிக்குது. இன்னொரு முறுக்கு முறுக்கு."

பூட்டுக்காரி முறுக்கினாள்.