கோர்னர் அடிக்காத மூலை

2009 செப்டெம்பரில் நான்கு நாள் லீவு கிடைத்தது. சண்டை முடிந்து பாதை திறந்திருந்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பழைய விளையாட்டரங்கை இடித்து பஸ் தரிப்பிடம் ஆக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் கட்டட வேலைத்தளத்தில் தொழில்நுட்ப அலுவலர். கட்டியதை இடிக்கும் முன் பார்த்துவிட வேண்டும் என்பது என் கோளாறு.

கொழும்பிலிருந்து பஸ், 340 ரூபாய். எட்டு மணி நேரம் என்றார்கள், சோதனைச் சாவடிகளோடு பத்தரை ஆனது. பஸ் நிலையத்திலிருந்து அரங்குக்கு இரண்டு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு நூறு. ஓட்டிய செல்வம் அண்ணன் அங்கே பந்தடித்து வளர்ந்தவர்.

"பாக்க என்ன இருக்கு? படிக்கட்டும் போயிட்டு," என்றார்.

உண்மைதான். ஒரு காலத்தில் உதைபந்து, கிரிக்கெட், சைக்கிள் ஓட்டம், பள்ளிக்கூடப் போட்டி, தேர்தல் கூட்டம் எல்லாமே இந்த ஒரே மைதானத்தில்தான். சுனாமிக்குப் பிறகு முழுக்கக் கூடாரம். அவை கழற்றப்படும் முன்பே சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவர்களுக்கும் கூடாரம் போட்டார்கள். பார்வையாளர் கூரைத் தகடுகள் அப்போதே கூடாரங்களுக்கு மறைப்பாகப் போய்விட்டன. நான் போனபோது எஞ்சியிருந்தது புல்லும் ஒரு மதிலும். ஓரத்தில் பஸ் தரிப்பிடத்தின் தண்ணீர் ஓடப் புது வடிகானுக்கு அன்று மத்தியானம்தான் கொங்கிறீற் போட்டிருந்தார்கள்.

வேலி அடைக்கும்வரை விளையாடுவோம் என்று பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்க மூலையால் வெளியே போன பந்துக்கு இடப்பக்க மூலையிலிருந்து கோர்னர் அடித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, பிழை! போன பக்கத்தால அடிக்கோணும்!" என்று கத்தினேன்.

"இஞ்ச சட்டம் வேற, அண்ணன்!" ஒருவன் திரும்பிக் கத்தினான். "கச்சான் சட்டியில பந்து விழுந்தா நீங்களா காசு குடுப்பீங்க?"

அந்த வலப்பக்க மூலையில் ஒரு பெண் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். அரங்கில் வேறு எவ்வளவோ இடம் இருக்கிறதே, அவரைத் தள்ளி இருக்கச் சொன்னால் என்ன என்று செல்வம் அண்ணனிடம் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கண்மணியக்காட கூடாரம் அதில இருந்தது. மகன் சுதன், பதினாறு வயசு. ரெண்டாயிரத்து ஆறில கடைக்குப் போட்டு வாறன் எண்டு போனவன்தான். இப்ப அக்காவுக்கு நாவற்குடாவில வீடு. அவனுக்கு அது தெரியாதே. வந்தா இஞ்சதான் வருவான் எண்டு ஒவ்வொரு பின்னேரமும் வந்து இரிக்கிறா."

வேலி அடைத்தால் அவர் எங்கே இருப்பார்? நான் நேரே போய், "அக்கா, மதில்ல உங்கட விலாசத்தை எழுதி விடலாமே," என்றேன்.

"மூண்டு தரம் எழுதினன் மனே. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெள்ளையடிச்சுப் போட்டாங்க. இப்ப மதிலையும் இடிக்கப் போறாங்களாம்."

வடிகான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் போனது. ஈரம் காயாமல் மூடியிருந்த சாக்கைத் தூக்கிக் கொங்கிறீற்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பதிந்தது. என் வேலைத்தளத்தில் யாராவது இதில் கீறினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஓட்டோவிலிருந்து ஒரு ஆணி வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் மகனின் பெயரிலிருந்து தொடங்கினார். பிறகு பாலம், சந்தி, கோயில், கிணறு.

"சுருக்கமா எழுதுங்க அக்கா, இறுகுது!"

"அவனுக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது மனே," என்றார். முழுவதையும் எழுதித்தான் எழும்பினார்.

போகிறவர்களுக்கு: பின்னேரம் நாலரைக்குப் பின் போங்கள், அதற்கு முன் வெயில் தாங்காது. தங்க அறை 800 ரூபாய்க்கு உண்டு. வடிகானுக்கு மூடி போடுவார்கள். மூடி மறைக்காத வெளி விளிம்பில்தான் எழுத வைத்தேன், அளந்து பார்த்தே சொல்கிறேன். அதை ஒரு இளைஞன் குனிந்து நின்று வாசிப்பதைக் கண்டால், உங்கள் பஸ் போனாலும் பரவாயில்லை, பெயரைக் கேளுங்கள். அங்கிருந்து நாவற்குடாவுக்கு ஓட்டோ நூற்றைம்பது. அவனிடம் செல்வம் அண்ணன் வாங்க மாட்டார்.