முதலிடத்துக்கு ஒரு தேங்காய்

என் மகன் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். இதைச் சொன்னால், காசில்லாமல் ஏதோ பழையதை வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்து எங்களை இரக்கத்தோடு பார்க்கிறார்கள். ஸ்பீட்வே என்ற அந்த விளையாட்டே அப்படித்தான். முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். நாலு பேர் நாலு சுற்று ஓடுவார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலாவதாக வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று. கடைசியாக வருபவர் மற்ற மூன்று பேரும் வாரி இறைத்த மண்ணில் குளித்துவிட்டு வர வேண்டியதுதான்.

மெல்பேர்னில் தமிழர் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களில் இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

"மகன் இப்ப என்ன செய்யிறார்?"

"மோட்டார் சைக்கிள் ஓடுறார்."

"சாப்பாடு டெலிவரியோ?"

"இல்லை, ரேஸ். லண்டன் பக்கம்."

"ஓ..." என்று இழுத்துவிட்டு, கேள்வி கேட்ட அன்ரி தன் மகள் மருத்துவம் மூன்றாம் வருடம் படிப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். நான் கையிலிருந்த பற்றிஸைக் கோபத்தோடு கடிப்பேன்.

என் கணவர் ஒரு கராஜில் மெக்கானிக். மகனுக்கு இந்தப் பைத்தியம் அங்கிருந்துதான் தொற்றியது. இருபத்தொரு வயதில், போன வருடம் மார்ச் மாதம், பிரித்தானியாவுக்குப் போனான். அங்கே இந்த விளையாட்டில் மேல் மட்டம் ஒன்று, அதற்குக் கீழே இரண்டாம் மட்டம் ஒன்று. இரண்டாம் மட்டத்தில் ஒரு சின்ன ஊரின் அணி அவனுக்கு ஒரு வருடத்துக்கு இடம் கொடுத்தது. அந்த அணி எழுதிக் கொடுத்த கடிதத்தில்தான் அவனுக்கு விசா கிடைத்தது. நன்றாக ஓடினால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் விசாவும் இல்லை, ஓட்டமும் இல்லை.

விசா என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. படகில் வந்து பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் காலம் தள்ளியவர்கள் நாங்கள். அதெல்லாம் ஒருவாறு முடிந்து, பிள்ளை குடியுரிமை எடுத்து, புதுப் பாஸ்போர்ட்டோடு போன முதல் பயணம் இது. போன இடத்திலும் யாரோ ஒருவருடைய கடிதத்துக்காக அவன் காத்திருக்கிறான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான் இருந்தது. அடுத்த வருடமும் எடுப்பார்களா?

முதல் எதிரி மழை. அங்கே பின்னேரம் ஏழரைக்குத் தொடங்கும் போட்டி எங்களுக்கு விடியற்காலை நாலரை மணிக்கு வரும். நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். ஆறு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். அதனால் எப்படியும் அந்த நேரத்துக்கு எழும்புகிறவள்தான். தேத்தண்ணியோடு போனைத் திறந்தால், "மழை காரணமாகப் போட்டி நடைபெறாது" என்று இருக்கும். அடுத்த வாரமும் அதே வசனம். ஒரு மாதத்தில் மூன்று போட்டி இப்படிப் போனது. மழைக்குப் பேர்போன நாட்டில், மழை பெய்தால் ஓட முடியாத விளையாட்டை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தான் என்று கணவரிடம் கேட்டேன்.

"என்னைக் கேட்டு என்ன? நானோ கண்டுபிடிச்சனான்?" என்றார்.

போட்டி நடந்த நாட்களிலும் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டமும் முடிய, நாலு பெயரும் அவற்றுக்கு நேரே புள்ளியும் போனில் விழும். முதல் இரண்டு மாதமும் மகனுடைய பெயருக்கு நேரே பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்றே வந்தது. ஏழு பேர் கொண்ட அணியில் அவன் ஏழாவது ஆள். மே மாதத்தில், அவனோடு போன இன்னொரு அவுஸ்திரேலியப் பெடியனை நடுவழியிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது இவன்தான் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் த பேசின் என்ற இடத்துக் கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "விழாமல் பார்த்துக்கொள் அப்பனே" என்று கேட்பேன். அதோடு என் வேண்டுதல் முடிந்துவிடும். இனி அது போதாது என்று பட்டது. அந்த ஞாயிறு நேர்த்தி வைத்தேன். அவன் முதலாவதாக வருகிற ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சிதறு தேங்காய்.

பிள்ளையார் உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். அடுத்த போட்டியிலேயே ஒரு முதலிடம். பிறகு இரண்டு, அதற்குப் பிறகு மூன்று. தேங்காய் உடைப்பது கணவரின் வேலை. நான் பக்கத்தில் நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்புவேன். அவன் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவான்.

"இஞ்சேரும், இவன் வெல்ல வெல்ல என்ர தோள்மூட்டெல்லோ கழருது," என்றார் கணவர்.

"கழரட்டும். அவன் அங்க உயிரைக் குடுத்து ஓடுறான்."

தேங்காய் வாங்குகிற கடையில் நாங்கள் சாப்பாட்டுக்கடை தொடங்கிவிட்டோம் என்று நினைத்து, மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

இப்படி ஒரு ஆசை எனக்குள் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. அவன் இரண்டாவதாக வந்தால் கஞ்சிப் பானையை அடுப்பில் டங்கென்று வைப்பேன். தொடக்கக் கயிறு மேலே போக முதலே அவன் முன்னே பாய்ந்துவிட்டான் என்று நடுவர் ஒருமுறை அவனை ஓட்டத்திலிருந்து நீக்கினார். பார்த்தறியாத அந்த நடுவரைக் காலைச் சாப்பாடு முடியும் வரை திட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண் பயந்துபோய் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள்.

ஜூலையில் ஒரு காலை. ஒன்பதாவது ஓட்டத்துக்குப் பிறகு போனில் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். போனைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். பிறகு மகனே வீடியோ கோல் எடுத்தான். பைக் ஏற்றுகிற வான் வண்டிக்குள் இருந்தான். மூக்கு, நெற்றி எல்லாம் செம்மண்.

"அம்மா, விழுந்திட்டன். பக்கத்தில வந்தவன்ர பைக்கில ரயர் தட்டி, வேலியில போய் அடிச்சிட்டுது. கை கொஞ்சம்..."

"எந்த ஓட்டத்தில? முதலாவதா போய்க்கொண்டிருந்தனியோ?"

"ஓம்."

"அப்ப பொயின்ற் தந்தவங்களோ?"

"இல்லை அம்மா. என்னை ஓட்டத்தில இருந்து எக்ஸ்குளூட் பண்ணிட்டாங்கள்."

"அநியாயம்! மற்றவன்தானே இடிச்சவன்?" என்று நான் சத்தம் போட்டேன். அவன் சிரித்தான். டேப் சுற்றிக்கொண்டு அடுத்த வாரம் ஓடலாமாம், டொக்டர் பார்த்துவிட்டார், யோசிக்க வேண்டாம் என்றான். அப்படியே அடுத்த வெள்ளி ஓடி இரண்டு முதலிடம் எடுத்தான். அந்த ஞாயிறு இரண்டு தேங்காய் உடைந்தது.

ஓகஸ்ட், செப்டெம்பர் முழுவதும் அவன் ஏறிக்கொண்டே போனான். ஏழாவது ஆளாகத் தொடங்கியவன் மூன்றாவது ஆளானான். கடைசிப் போட்டியில் நாலு ஓட்டம் ஓடி நாலிலும் முதலாவதாக வந்தான். நான் குசினியில் நின்ற இடத்திலேயே கத்தியதில் கையிலிருந்த பால் நிலமெல்லாம் ஊற்றுப்பட்டது. துடைக்கும்போதும் சிரித்துக்கொண்டே துடைத்தேன். இனி எப்படி எடுக்காமல் விடுவார்கள் என்று கணவரிடம் போனில் சொன்னேன்.

ஒக்டோபர் நடுவில் மெலிந்துபோய் வந்து இறங்கினான். முதல் நாள் இறால் குழம்பும் புட்டும் வைத்தேன். கரண்டி கேட்டான்.

"வெள்ளைக்காரர் வந்திருக்கிறார், கரண்டி குடுங்கோ," என்று நக்கலடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே கரண்டியால் சாப்பிட்டான். பிறகு வந்த நாட்களிலும் அப்படித்தான்.

இரண்டு வாரம் கழித்து அணியின் மனேஜர் போன் எடுத்தார். சாப்பாட்டு மேசையில் போனை வைத்து மூன்று பேரும் கேட்டோம். நல்ல மனிதர், குரலில் மரியாதை இருந்தது. மகனைப் போல ஒருவனைத் தாங்கள் கண்டதில்லை என்றார். ஊர்ச்சனம் எல்லாம் அவனைக் கேட்கிறது என்றார். கடைசியில், அடுத்த வருடம் அவனை எடுக்க வழியில்லை என்றார். அவன் அளவுக்கு மிஞ்சி நன்றாக ஓடிவிட்டானாம்.

போன் வைத்த பிறகு எனக்கு விளங்கப்படுத்துவதற்குள் கணவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு வீரனுக்கும் வருடக் கடைசியில் ஒரு சராசரிப் புள்ளி இருக்கிறது. அடுத்த வருட அணியைச் சேர்க்கும்போது ஏழு பேருடைய சராசரியையும் கூட்டினால், அது குறித்த எண்ணுக்கு மேலே போகக் கூடாது. பணக்கார அணி ஒன்றே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க அப்படி ஒரு சட்டம். மகனுடைய சராசரி ஏறிவிட்டது. அவனை வைத்திருந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டும். அவனுக்குப் பதிலாக, அவனைவிட மெதுவாக ஓடுகிற ஒருவனை எடுத்திருக்கிறார்கள்.

"நல்லா ஓடினதுக்காகவோ வேண்டாமெண்டுறாங்கள்?"

"ஓம்."

"பள்ளிக்கூடத்தில நூறு எடுத்த பிள்ளையை வெளியில விடுற மாதிரியெல்லோ இருக்கு! இதென்ன சட்டம்? ஆருக்குப் பிறந்த சட்டம்?"

"கத்தாதையும். வேற ரீமுகளையும் இவன் ஏற்கெனவே கேட்டுப் பாத்திட்டான். எல்லா இடமும் கணக்கு நிரம்பிட்டுதாம்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனைப் பார்த்துக் கேட்டேன். "உனக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓகஸ்ட்லயே தெரியும் அம்மா. ரீம்ல எல்லாரும் சொன்னவங்கள், last few matches கொஞ்சம் ஈஸியா எடு, average இறங்கும், அடுத்த வருசம் fit ஆகும் எண்டு."

"பிறகேன்டா மெல்லமா ஓடேல்ல?"

அவன் மேசையைப் பார்த்தான். "நீங்கள் ஒவ்வொரு கிழமையும் தேங்காய்ப் படம் அனுப்பிக்கொண்டிருந்தனீங்கள். நான் என்னெண்டு வேணுமெண்டு கடைசியா வாறது?"

நான் எழும்பிப் போய்க் குசினியில் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். சட்டம் எழுதியவன் மேல் கோபம், மனேஜர் மேல் கோபம், தெரிந்தும் என்னிடம் சொல்லாத பிள்ளை மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையார் மேல் கோபம். கேட்டதையெல்லாம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்.

கடைசிப் போட்டியின் நாலு தேங்காய் இன்னும் உடைபடாமல் கிடந்தது. பிள்ளை வந்து, அடுத்த வருடத்துக்கான பதிலும் வந்த பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு போய் உடைப்பது என்று வைத்திருந்தேன். இப்போது உடைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். "நேர்த்தி நேர்த்திதான் அம்மா," என்று மகன்தான் பையைத் தூக்கிக் காரில் வைத்தான். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடவும் மனம் வரவில்லை. முறைத்துக்கொண்டு நின்றேன்.

கணவர் தோள் நோகிறது என்றார். மகன் முன்னால் வந்து தேங்காயைக் கையில் எடுத்தான். நான் பழக்கதோஷத்தில் போனைத் தூக்கிப் பிடித்தேன். முதல் தேங்காய் கல்லின் ஓரத்தில் பட்டு உடையாமல் உருண்டு ஓடியது. திரும்ப எடுத்து எறிந்தான். போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. அவன் இடது கையால் எறிகிறான். என் பிள்ளை வலது கைக்காரன்.

"ஏன் இடக்கையால எறியிறாய்?"

"சும்மா."

"மற்றக் கையைக் காட்டு."

காட்டினான். மணிக்கட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாதிதான் திரும்பியது. ஒரு பக்கம் எலும்பு புடைத்து நின்றது. அந்தக் கையால்தான் பைக்கின் அக்சிலேட்டரைத் திருகுவான். அந்தக் கையால்தான் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். கரண்டி கேட்டபோது நான் நக்கலடித்திருந்தேன்.

"எப்ப தொடக்கம் இப்படி?"

"ஜூலை."

"நீ எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொல்ல வந்தனான் அம்மா. நீங்கள் பொயின்ற் தந்தவங்களோ எண்டு கேட்டீங்கள்."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். பிள்ளையாரிடம் அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அவனுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஜூலையில் கேட்டிருக்க வேண்டியதை நாலு மாதம் பிந்திக் கேட்டேன்.

"நோகுதோ ராசா?"

"ஓம் அம்மா," என்றான். "நல்லா நோகுது."