செய்தவர் என்று ஒரு கட்டம்

எங்கள் பரிசோதனைக் கூடத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘செய்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எவர் கையால் சோதனை நடந்ததோ அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நாலு வருடம் அந்தக் கட்டத்தை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்தை ஒரு நாளும் போட்டதில்லை. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது, ஆனாலும் வேறு எங்கே போய்ச் சொல்வது?

கொரோனா ஊரைப் பிடித்து ஆட்டிய சமயத்தில் செங்கல்பட்டில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்தவள். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குக் களை எடுத்த அப்பா அம்மாவுக்குப் பிறந்து அந்தப் பட்டத்தை வாங்கியதே எங்கள் வீட்டில் பெரிய சங்கதி. கூடத்தில் எனக்குக் கொடுத்த வேலையின் பெயர் ‘மாதிரி எடுப்பவர்’. அதாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையில் நிற்கிறவர்களின் மூக்கில் குச்சியை விட்டுத் திருகுவது. திட்டாதவர்கள் கிடையாது. ‘மெதுவா விடும்மா, மூளைய தொட்டுடப் போற’ என்று ஒருவர் கத்தினார். இருந்தால்தானே தொடுவதற்கு என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நீளம்.

நாங்கள் எடுத்துவரும் குச்சிகளிலிருந்து வைரஸைக் கண்டுபிடிக்கிற அறை உள்ளே இருந்தது. அதற்குப் பயிற்சி பெற்று, அனுமதிப் பட்டியலில் பெயர் உள்ளவர் எங்கள் கூடத்தில் ஒரே ஒருவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், புதுப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவர் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் வேலை செய்வதை டீ குடிக்கிற நேரத்தில் நின்று பார்ப்பேன். அந்த அறைக்குள் போய்விட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஆளுடைய மாதிரியை, ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, பைப்பெட் என்கிற உறிஞ்சு குழாயால் விட வேண்டும். கை ஆடி ஒரு துளி பக்கத்துக் குழியில் தெறித்தால் போச்சு, நோய் இல்லாதவனுக்கு ரிப்போர்ட்டில் நோய் வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு குழியில் சுத்தமான தண்ணீரை மட்டும் விட்டு வைப்பார்கள். தட்டை இயந்திரத்தில் வைத்ததும் அதன் திரையில் வைரஸ் உள்ள குழிகளின் கோடு ஏறும், தண்ணீரின் கோடு ஏறவே கூடாது.

ஒரு நாள் ஏறியது. மொத்தத் தட்டும் வீண். மறுபடி செய்தார், மறுபடியும் ஏறியது. நான் மாதிரிகள் இருந்த பெட்டியை உள்ளே கொடுக்கப் போனவள், ‘இன்னா அண்ணா, தண்ணிக்கே கொரோனா வந்துடுச்சா?’ என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்ட வலது கையை என் முன்னால் நீட்டினார். விரல்கள் தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தன.

‘ஆறு மாசமா இப்பிடித்தான் கீது. வெளிய தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்கம்மா. ரெண்டு பொண்ணு படிச்சிகினு இருக்குது’ என்றார்.

பாவமாக இருந்தது. அதே சமயம், பொய் சொல்வானேன், உள்ளே ஒரு பக்கம் குதித்தது. அன்று மூன்றாவது தட்டை, அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் செய்தேன். தண்ணீரின் கோடு செத்த பாம்பாகப் படுத்தே கிடந்தது. அண்ணா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. தட்டு என்னுடையது, பதிவேட்டில் பெயர் அவருடையது. பட்டியலில் இல்லாத நான் ‘செய்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அவரோ பேனாவைப் பிடித்தால் எழுத்து எங்கேயோ போகிறது. ‘நீயே போட்டுரும்மா’ என்றார். அழகான கையெழுத்து அவருடையது. முதலெழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கடைசியில் அடிக்கோடு போல ஒரு வாலை நீட்டி, அதன் மேல் இரண்டு புள்ளி. பழைய பக்கங்களைப் பார்த்துப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். தப்பு என்று தெரியாமல் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது சாண் என்ன, முழம் என்ன என்று இருந்துவிட்டோம்.

கொரோனா அடங்கியது. அதே இயந்திரத்தில் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் என்று சோதனைகள் வந்தன. எங்கள் கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா, கூடத்தின் தரத்துக்கு அங்கீகாரம் வாங்க முடிவு செய்தார். அதற்கு இந்த அறையில் வேலை செய்கிறவர்கள் மூலக்கூறு நோயறிதல் என்கிற இந்த வகைச் சோதனையில் தொழில்முறைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம். தகுதிகளைத் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டினார்கள். அறிவியல் பட்டம் வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறையாத கைவேலை அனுபவம் வேண்டும். என்னென்ன சோதனைகளைத் தன் கையால் செய்தார் என்பதற்குப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும். மேலே இருப்பவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் தேர்வே எழுத முடியும்.

அண்ணா முதலில் விண்ணப்பித்தார். படிவத்தை நிரப்பியது நான். கையெழுத்து மாதிரி என்ற கட்டத்தில் போட்டதும் நான். நகல் எடுத்து இணைத்த பக்கங்களைச் சொல்லவே வேண்டாம், அத்தனையும் என் கைவேலை. தேர்வு கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துவதுதான், அதை அவரே நன்றாக எழுதினார். படிப்பு அவருக்குக் குறைவில்லை. சான்றிதழ் வந்த அன்று டாக்டரம்மா எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்து, அவரைப் பிரிவு மேற்பார்வையாளர் ஆக்கினார். நான் மைசூர்பாக்கை மேசை மேல் வைத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். ஆத்திரம்தான், வேறென்ன?

அடுத்த மாதமே டாக்டரம்மா சொல்லிவிட்டார். வருகிற ஏப்ரலுக்கு மேல் சான்றிதழ் இல்லாதவர் யாரும் உள்ளே போகக் கூடாது. நான் சான்றிதழ் வாங்காவிட்டால் மறுபடியும் வெளியே போய் ரத்தம் எடுக்க வேண்டும், மூக்கில் குச்சி விட வேண்டும். என் நாலு வருடத்தில் எனக்கென்று இருந்தது அந்த அறை மட்டும்தான். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். நான் எதற்குக் காய்ந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய்ப் பதிவேடுகளை மேசை மேல் போட்டேன். ‘இதெல்லாம் நான் செஞ்சது மேடம். உங்களுக்கும் தெரியும்’ என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

‘தெரியாம இல்லம்மா. ஆனா இது நீ செஞ்சதுன்னு நான் எழுதிக் கொடுத்தேன்னு வை, அனுமதி இல்லாத ஆள் செஞ்ச சோதனைன்னு ஆயிடும். நாலு வருஷம் கொடுத்த ரிப்போர்ட் என்ன ஆகும்? அதப் பாத்துதானே ஜனங்க மாத்திரை சாப்பிட்டாங்க? அத்தனையும் செல்லாதுன்னு சொல்லச் சொல்றியா?’

நான் செய்த ஒரு ரிப்போர்ட்கூடத் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்க நான் வாயைத் திறந்தால் எல்லாமே தப்பாகிவிடும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பது இதுதான் போலிருக்கிறது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர், ‘இவர் என் கீழ் உதவியாளராக இருந்து பழகினார்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை அனுபவமாக எடுத்துக்கொள்வார்கள். அண்ணாவுக்கு உதவியாளர், நான்! பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அண்ணா அப்போது முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீண்ட விடுப்பில் இருந்தார். ஃபோன் செய்தேன். ‘இதுக்கு இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம் வந்துகினு? நீயே போட்டுக்கோயேன்’ என்றார். எனக்குச் சுரீரென்று ஏறியது. ‘எனக்கு நானே சாட்சி சொல்லிக்கணுமா? இந்த ஒரு தாளுலயாவது நீங்க போடுங்க’ என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வீடு. அதற்குள் ஆள் பாதியாகியிருந்தார். தாடை கூட ஆடியது. அவர் மனைவி டம்ளரில் பாதி அளவுக்குத்தான் டீ ஊற்றிக் கொடுத்தார், சிந்தாமல் இருப்பதற்கு. படிவத்தைப் பலகை மேல் வைத்தேன். அவர் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அந்தச் சுழி வரவில்லை. வால் கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போனது. புள்ளிகளில் ஒன்று தாளைக் குத்தி ஓட்டையே போட்டுவிட்டது. வேர்த்து ஊற்றியது அவருக்கு.

‘இன்னாம்மா இது, கோழி கிண்டின மாரி கீது’ என்றார்.

‘இருக்கட்டும் அண்ணா. இது உங்களுது’ என்றேன்.

நேர் பஸ் போய்விட்டதால் மாமல்லபுரம் வந்து மாறினேன். வழியெல்லாம் கடற்கரைச் சாலையில் சுற்றுலாக் கூட்டம், செல்ஃபி, இளநீர்க் கடை. மடியில் அந்த உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பொய்யில்லாத கையெழுத்து என் கையில் இருந்தது. அழுகை வந்தது, பக்கத்தில் இருந்த அம்மாள் பஸ் ஆட்டத்தில் மயக்கம் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

விண்ணப்பத்தை அனுப்பிய மூன்றாவது வாரம், சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து பதில் மின்னஞ்சல் வந்தது. டாக்டரம்மாவுக்கும் ஒரு நகல் போயிருந்தது. மேற்பார்வையாளரின் கையெழுத்து எங்களிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. வேறொருவர் போட்டது என்று ஐயம் எழுகிறது. ஏழு நாளுக்குள் சரியான கையெழுத்துடன் புதிய படிவம் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து செய்யப்படும்.

டாக்டரம்மா கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. ‘ஏம்மா, அவசரத்துல நீயே போட்டுட்டியா? இப்படியா அசிங்கமா போடுவ?’ என்றார்.

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் போட்டதையெல்லாம் உண்மை என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த மனுஷன் வேர்க்க விறுவிறுக்கப் போட்டது கள்ளக் கையெழுத்தாம். நான் போடவில்லை என்று சொன்னால் அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையைப் பற்றிச் சொன்னால், டாக்டரம்மாவுக்குத் தெரியாத அந்த நாலு வருடக் கையெழுத்துகளையும் சொல்ல வேண்டும். ‘ஆமா மேடம், தெரியாம செஞ்சிட்டேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பழியை ஏற்றுக்கொண்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

மாடிப்படியில் நின்று அண்ணாவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மீன்காரி கூவுகிற சத்தம் கேட்டது.

‘போன வாரம் பேங்க்குக்குப் போனேம்மா’ என்றார் பிறகு. ‘அவனும் இதேதான் சொன்னான், கையெழுத்து ஒத்து வரலன்னு. கட்டை விரல வைக்கச் சொல்லிட்டான். எங்க நைனா கைநாட்டு. அவரு நைனாவும் கைநாட்டு. வூட்லயே மொத மொத கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதுக்கு எங்க நைனா தெருவுக்கே கலர் சோடா வாங்கிக் குடுத்தாரு. இப்ப நானும் மையில விரல முக்கிட்டு வந்து குந்தினுகிறேன்.’

‘அண்ணா...’

‘அழாத. என் கையெழுத்து இப்ப உன்கிட்டதான் கீது. நல்லா இருக்கிறதே உன்னுதுதான். போட்டு அனுப்பு, போ.’

அன்று மதியம் புதிய படிவத்தில் போட்டேன். பெரிய சுழி, நீண்ட வால், மேலே இரண்டு புள்ளி. பேனா ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நாலாம் நாள் பதில் வந்தது. கையெழுத்து சரிபார்க்கப்பட்டது, மாதிரியோடு ஒத்துப்போகிறது, நான் தேர்வு எழுதலாம்.

அவருக்குத்தான் முதலில் சொன்னேன். ‘நம்ம கையெழுத்து பாஸாயிடுச்சா?’ என்று சந்தோஷமாகக் கேட்டார். ம் என்றேன்.