தன் மேல் தானே புகார் கொடுத்த ஜேம்ஸ்

ஜேம்ஸ் எதையும் சும்மா நம்பிவிட மாட்டார். அளந்து பார்த்துத்தான் நம்புவார். ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். மயிரிழை பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார். அந்த ஸ்டிக்கர் ஒட்டியே மீசை நரைத்தது. வீட்டில் இட்லி ஒன்று சிறுத்துப் போனால் அதை அவர் கண்ணில் காட்டாமல் தானே தின்றுவிடுவாள் மனைவி ஆரோக்கியசெல்வி.

புருஷனைப் பறிகொடுத்த தங்கை டெல்பின், ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து அந்த வீட்டு ஹாலில் பாய் விரித்தாள். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அவள் தூங்க வேண்டுமென்றால் எல்லோரும் டிவியை அணைக்க வேண்டும். எல்லோரும் டிவி பார்க்க வேண்டுமென்றால் அவள் தூங்கக் கூடாது. அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் வைத்த ரசத்தை மற்றவர் குறை சொல்லாமல் குடிக்கப் பழகிவிட்டார்கள். இப்படி எத்தனை நாள் அடக்கிக்கொள்வார்கள் என்பதுதான் ஜேம்ஸைப் பயமுறுத்தியது.

“பெருசா ஒண்ணும் வேணாண்ணா. எனக்குன்னு ஒரு கதவு, ஒரு அடுப்பு. அவ்ளோதான்” என்றாள் டெல்பின்.

வீட்டுக்குப் பின்னால் காலி இடம் கிடந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு பாத்ரூம் என்று முடிவு செய்தார் ஜேம்ஸ். ஆனால் முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்.

எதிர்வீட்டு நாராயணப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். “பர்மிஷனா? அய்ய, ஜேம்ஸு! நம்ம தெருவுல யாருப்பா கேட்டான்? என் பில்டிங்கைப் பாரு. பிளான்ல ஒரே குடும்பம். மேல இருக்கறதெல்லாம் ஸ்டோர் ரூமு.”

அந்த ஸ்டோர் ரூம்களில் திருநெல்வேலிப் பையன்களும் ஒடிசாப் பையன்களும் குக்கரில் விசில் விட்டுக்கொண்டிருந்தார்கள். பால்கனி நெடுகப் பனியனும் ஜட்டியும் காய்ந்தன. ஸ்டோர் ரூமில் கிடக்கும் மூட்டை முடிச்சுகள் ஜட்டி போடும் தெரு, உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

“எங்க கம்பெனியில டிராயிங் அப்ரூவ் ஆகாம எந்த பார்ட்டையும் மெஷின்ல ஓட்டக் கூடாதுங்க” என்றார் ஜேம்ஸ்.

எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே நகரமைப்புப் பிரிவில் இருந்த சுசித்ரா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு வீட்டுல எதுக்குங்க ரெண்டு சமையல்கட்டு?”

“தங்கச்சிக்கு மேடம்.”

“தங்கச்சி உங்ககூட சாப்பிட மாட்டாங்களா?”

“சாப்பிடறா மேடம். அதான் பிரச்சினை.”

கூட வந்திருந்த பிளான் போடுகிறவர் வெளியே வந்ததும் வழி சொன்னார். “சமையல்கட்டை அழிச்சுட்டு பூஜை ரூம்னு போட்டுடலாம் சார்.”

“நாங்க கிறிஸ்டியன்.”

“அப்ப ஜெப ரூம்.”

ஜெபம் செய்யும் இடத்தில் கருவாடு வறுக்க ஜேம்ஸ் சம்மதிக்கவில்லை. நடையாய் நடந்தார். கெலவரப்பள்ளி அணை நிரம்பியது, வற்றியது, மறுபடி நிரம்பியது. ஒருவழியாக அனுமதி வந்தது. அதை லேமினேட் செய்து வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

வீடு எழும்பியது. பூச்சு வேலையெல்லாம் முடிந்து, கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த பிறகு, ஜேம்ஸ் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பின்சுவர் ஒரு சாண் தள்ளி நின்றது. மேஸ்திரி பிடித்த நூல் எங்கோ இளகியிருக்கிறது. சட்டப்படி விட வேண்டிய காலி இடத்தில் ஒரு சாண் குறைந்துபோனது. அதனால் நஷ்டப்பட்டது அங்கே நின்ற முருங்கை மரம் மட்டும்தான். அதுவும் வாய் திறக்கவில்லை. ஜேம்ஸுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கம்பெனியில் இதற்கு ஒரு முறை உண்டு. பிசகை மறைத்தால்தான் குற்றம். தானே முன்வந்து எழுதிக் கொடுத்தால், இன்ஜினியர் பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று கையெழுத்துப் போடுவார். அப்படி எழுதிக் கொடுத்தே, ஒதுக்கிவைத்த எத்தனையோ பல்சக்கரங்களைக் காப்பாற்றியவர் ஜேம்ஸ். தங்கையின் சுவரையும் அப்படியே காப்பாற்றிவிடலாம் என்று நம்பினார். வாழ்நாளில் அவர் அளக்காமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

படம் போட்டு, காரணம் எழுதி, இனி நடக்காது என்று உறுதியும் சொல்லி, சுசித்ராவிடம் நீட்டினார்.

“புகார் யார் மேல?”

“என் மேலதான் மேடம்.”

“பக்கத்துல யாராச்சும் சண்டை போட்டாங்களா?”

“இல்லீங்க. நானே அளந்தேன்.”

சுசித்ரா சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “சார், இதை எடுத்துட்டுப் போயிடுங்க. நான் பாக்கவே இல்ல.”

“பாத்துட்டீங்களே மேடம்” என்றார் ஜேம்ஸ். அதோடு விட்டிருக்கலாம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முத்திரை விழுந்த பிறகு அந்தக் காகிதம் யார் பேச்சையும் கேட்கவில்லை. முதலில் நோட்டீஸ் வந்தது. பிறகு, ஜெபம் சொல்லிப் புது வீட்டை மந்திரிக்க ஃபாதர் வருவதாக இருந்த வாரத்தில், அலுவலகத்து ஆட்களே வந்தார்கள். வெயில் கடுமையாக இருந்ததால், ரோட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த நாராயணப்பனின் பால்கனி நிழலில் ஜீப்பை நிறுத்தினார்கள். அவர் கொடுத்த மோரைக் குடித்தார்கள். தெருவைக் கடந்து வந்து டெல்பினின் பச்சைக் கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

“ஏங்க, உங்க கம்பெனியில ரிஜெக்ட் ஆவுதே பல்சக்கரம், அதுக்கெல்லாம் தங்கச்சி இருக்காளா?” என்று கேட்டாள் ஆரோக்கியசெல்வி.

டெல்பின் திட்டியிருந்தால் தேவலை. பாயைச் சுருட்டிக்கொண்டே, “எப்ப தொறப்பாங்கண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

“மேல்முறையீடு இருக்கு. முறையாப் போனா…”

“எப்பண்ணா?”

ஜேம்ஸ் நோட்டீஸை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டெல்பின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நாராயணப்பன் சாவியைக் கொடுத்தார். “ரெண்டாவது மாடி, தாயி. பிளான்ல ஸ்டோர் ரூமுதான். ஆனா தண்ணி நிக்காம வரும்.”

ஜேம்ஸ் பின்னாலேயே ஓடினார். “டெல்பின், அது அப்ரூவல் இல்லாத பில்டிங்கு!”

“தெரியும்ணா. அதான் யாரும் சீல் வெக்க மாட்டாங்க.”

சாயங்காலம் ஆரோக்கியசெல்வி மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். தூக்குச்சட்டியோடு ஜேம்ஸ் படியேறினார். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரத்தில் இருந்தது. இரண்டு முறை தடுக்கியது. மேலே போய்க் கதவைத் தட்டினார்.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து டெல்பினின் குரல்.

அண்ணன் வீட்டு ஹாலில் இருந்தவரை அவள் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

“நான்தான்… அண்ணன்.”

“இருண்ணா, அடுப்புல வேலையா இருக்கேன். வரேன்.”

ஜேம்ஸ் வெளியிலேயே நின்றார். அவள் அவசரப்படவில்லை.