மரியரட்ணத்தின் ஏறுகதிரை

மரியரட்ணம் அண்ணை பொய் சொன்னவர் என்று நான் எழுதினால் அது அவரை ஏசுவதாகாது. 1986இல் அந்த ஹைமில் இருந்த நாங்கள் ஆறு தமிழரும் ஆளுக்கொரு பொய்யோடுதான் வந்திறங்கியிருந்தோம். என் கணவர் சிறீதரன் வயதில் மூன்றைக் குறைத்திருந்தார். நான் பட்டதாரி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசிச் சோதனைக்கு முந்திய மாதமே பிளேன் ஏறியவள். மரியரட்ணம் அண்ணை தான் சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரி என்றார்.

ஹைம் என்றால் அகதிகள் விடுதி. ஹனோவருக்குத் தெற்கே, சோலிங் காட்டின் ஓரத்தில், ஆள் வராமல் மூடிய பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மேலே எங்களைப் போட்டிருந்தார்கள். ஆறு பேருக்கும் சமைக்க ஒரே குசினி. அதில் மரியரட்ணம் அண்ணைதான் ராசா. நாற்பத்தைந்து வயது, தனியாள், அதிகம் பேசமாட்டார். ஜெர்மன்காரரின் வெளிறிப்போன கோழியையும் வாய்க்குப் பிடிக்கிற கறியாக்கிவிடுவார். கோடையிலும் சொக்ஸ் கழற்றமாட்டார். ஊரே செருப்புக்குச் சொக்ஸ் போடுகிற நாடாகையால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, “எவடம்?” இரண்டாவது கேள்வி, “அங்கை எவடம்?” மூன்றாவது கேள்விக்குத் தேவையிருக்காது, அதற்குள் ஆளின் சாதி தெரிந்துவிடும். அடுத்த அறைத் தியாகராசா இந்தக் கேள்வியைக் கேட்பதில் வலு கெட்டிக்காரர். மரியரட்ணம் அண்ணை இரண்டாவது கேள்விக்கு எப்போதும், “சந்தைக்குக் கிட்ட” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார். அந்தப் பதிலை நாங்கள் நம்பும் வரைதான் எங்கள் சட்டியில் தன் கை இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமுத்திரம் தாண்டி வந்தோம், இதை மட்டும் தாண்டவில்லை.

அகதிகளுக்குச் சம்பள வேலை செய்ய அனுமதியில்லை. ஊருக்கு உதவியாக ஏதாவது செய்யலாம் என்று நகரசபை எங்களைக் காட்டுக்கு அனுப்பியது. கன்று நடுவதும் வேலி அடைப்பதும்தான் வேலை. கொஞ்சம் ஜெர்மன் பிடிபட்டவள் என்பதால் மொழிபெயர்க்க நானும் போவேன். காட்டுக்குப் பொறுப்பானவர் பிறாண்டஸ் என்ற மனிதர். பெரிய உடம்பு, இடுப்பில் நோவு, வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. காட்டுக்காரர் என்றுதான் அவரைச் சொல்லுவோம்.

அந்தக் காட்டுக்குள் போனால் எனக்கு நேரம் தெரியாது. வழுவழுத்த சாம்பல் நிற மரங்கள் நிமிர்ந்து நிற்கும். காற்றே இல்லாமல் இலை விழும், விழுந்த சத்தமும் வராது. பனிப்புகார் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் இருமினால்தான் ஆள் இருப்பது தெரியும். புரட்டாதி மாதத்தில் கலைமான்கள் பெண் தேடிக் கத்தும். மாடும் அப்படிக் கத்தாது, சிங்கமும் அப்படிக் கத்தாது, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல ஏலாது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றால் என் அகதி வழக்கு, அன்ராக் என்கிற விண்ணப்பம், கடிதம் ஒன்றும் நினைவில் நிற்காது. வந்ததே கனவோ என்று இருக்கும்.

மான் வேட்டைக்கு அவர்கள் மரத்தின் மேலே ஏறி இருந்துதான் பார்ப்பார்கள். கீழே நின்றால் மான் மணம் பிடித்து ஓடிவிடும். அந்த வருடம் காட்டுக்காரருக்கு அமெரிக்காவிலிருந்து யாரோ ஒரு புதுச் சாமான் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அலுமினியத்தில் இரண்டு துண்டு. மேல்துண்டு உட்கார, கீழ்த்துண்டு கால் வைக்க. இரண்டும் மரத்தை வளைத்துப் பிடித்திருக்கும். மேலதில் பாரம் போட்டுக் கீழதைக் காலால் இழுக்க வேண்டும், பிறகு கீழதில் நின்று மேலதை உயர்த்த வேண்டும். மயிர்க்கொட்டிப் புழு ஏறுகிற மாதிரி அரக்கி அரக்கி எவ்வளவு உயரமும் போகலாம், முதுகில் சுமந்தும் போகலாம். மரியரட்ணம் அண்ணை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏறுகதிரை” என்று பெயர் வைத்தார். எங்களுக்கு நாற்காலிதான் கதிரை. அன்றைக்குத்தான் அவர் தானாகச் சிரித்து நான் கண்டது.

மழை விட்ட ஒரு மத்தியானம் காட்டுக்காரர் எங்களுக்கு அதில் ஏறிக் காட்டினார். இரண்டு துண்டையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்ட வேண்டும். அதை அவர் கட்டவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே போனபோது ஈர மரத்தில் கீழ்த்துண்டு வழுக்கி, தடதடவென்று நிலத்தில் விழுந்தது. மனிதர் மேல்துண்டில் கை இரண்டையும் போட்டுத் தொங்கினார். அந்தத் துண்டும் மெல்ல மெல்ல வழுக்கத் தொடங்கியது. வாகனம் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நின்றது நான், தியாகராசா, மரியரட்ணம் அண்ணை மூன்று பேரும்தான்.

மரியரட்ணம் அண்ணை எங்கள் இரண்டு பேரையும் ஒருதரம் பார்த்தார். பிறகு குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினார், சொக்ஸைக் கழற்றினார். வேலிக் கயிற்றில் இரண்டு முழம் வெட்டி வளையமாக முடிந்து இரண்டு காலிலும் மாட்டினார். மிச்சக் கயிற்றின் ஒரு நுனியை விழுந்த துண்டிலும் மறு நுனியைத் தன் இடுப்பிலும் கட்டினார். புறங்காலில் தோல் கறுத்துத் தடித்து, மாட்டுத்தோல் மாதிரி இருந்தது. அது பனை ஏறுகிற தளைநாரால் வருவது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தை அணைத்தார், கால் இரண்டையும் ஒன்றாக எடுத்து வைத்தார், நாலு எட்டில் மேலே நின்றார். இடுப்பில் கட்டிய கயிற்றால் விழுந்த துண்டை இழுத்து, காட்டுக்காரரின் காலுக்குக் கீழே பூட்டி, சேர்த்துக் கட்டி, மனிதரைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தார். தியாகராசா மூக்கால், “ம்” என்றார்.

இறங்கிய காட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஓனே லைற்றர்! ஓனே லைற்றர்!” என்று கத்தினார். ‘ஓனே’ என்றால் இல்லாமல். லைற்றர் என்று எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஹைமின் பொறுப்பாளர், ஹைம்லைற்றர். அவர் கையெழுத்து வைத்தால்தான் எங்களுக்கு எதுவும் நடக்கும். நானும் பெரிய மொழிபெயர்ப்பாளர் மாதிரி, லைற்றரைக் கேளாமல் ஏறிவிட்டீர்கள் என்று சொல்லுகிறார் என்றேன். மரியரட்ணம் அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது.

பின்னேரமே அவர் கோட்டுப் போட்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பையும் அடுக்கி, என்னைக் கூட்டிக்கொண்டு லைற்றரிடம் போனார். நீங்கள் இல்லாமல் மரம் ஏறியது பிழை, அவருடைய வழக்கில் இதை எழுதிவிடாதீர்கள் என்று நான் மன்றாடினேன். லைற்றர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்து சுவரில் சாத்தியிருந்த ஏணியில் தட்டி, “லைற்றர்” என்றார். தன் நெஞ்சில் தட்டி அதையே சொன்னார். ஏணிக்கும் அதே சொல்தான். அந்த மனிதர் ஏணியே இல்லாமல் ஏறினார் என்று காட்டுக்காரர் மெச்சியிருக்கிறார். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்போடு மரியரட்ணம் அண்ணை முகம் கழுவப் போக, நான் குசினிக்கு வந்தேன். தியாகராசா கதையைச் சொல்லி முடித்திருந்தார்.

“அவன் நல்லாத்தான் ஏறினவன். பழக்கமில்லாமல் அப்பிடி ஏறேலாது” என்றார்.

காலையில் ‘அவர்’, ‘மரியரட்ணம் அண்ணை’. பின்னேரம் ‘அவன்’. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, என் கணவர் உட்பட. நான் சோற்றை வடித்துக்கொண்டு, யோசிக்காமல், “அவன் சாப்பிட்டவனே?” என்று கேட்டேன். என் வாய்தான் கேட்டது. கேட்டுவிட்டுத் திரும்பினால் மரியரட்ணம் அண்ணை ஈர முகத்தோடு வாசலில் நிற்கிறார்.

பசியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் குசினிக்கு வரவில்லை. அறையில் பாணும் ஜாமும் தின்றார். கறி நான் வைத்தேன், வாயில் வைக்க வழியில்லை. தியாகராசா அதையும் குறை சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் பாதிக்கு மேல் என் மேல்தான்.

காட்டுக்காரர் ஏறுகதிரையை மரியரட்ணம் அண்ணையிடமே கொடுத்துவிட்டார். இருந்து மான்களை எண்ணிக் குறித்துத் தரும்படி கேட்டிருந்தார். காலையும் பின்னேரமும் மரியரட்ணம் அண்ணை மரத்தில்தான்.

ஐப்பசி பிறந்து ஒரு ஞாயிறு நான் தனியாகக் காட்டுக்குப் போனேன். புகாருக்குள் அவர் கால்கள் மட்டும் மேலே தெரிந்தன. கூப்பிட வாயெடுத்தேன். அவர் புகாருக்கு வெளியே குனிந்து விரலை உதட்டில் வைத்தார். என் வலப்பக்கம், நாலு பாகம் தூரத்தில், கொம்பில் ஈர இலை ஒட்டியபடி ஒரு கலைமான் நின்றது. அது மூச்சு விட, புகாருக்குள் இன்னொரு புகார் வந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அது நடந்து மறைந்தபோது கண்ணால் கண்டேனா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“பனை ஏறக்கூடாது எண்டுதான் தங்கச்சி நான் பிளேன் ஏறினனான்” என்றார் மேலேயிருந்து, மெல்லிய குரலில். பதினாலு வயதிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறியும் ஒரு மரத்திலும் சும்மா இருந்து பார்த்ததில்லையாம். மேலே இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாதாம்.

“அண்டைக்கு நான் சொன்னது பிழை அண்ணை. வாங்கோ, எங்களோடை சாப்பிடுங்கோ.”

அவர் மான் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஊரிலை நான் ஏறேக்கை கீழை நிக்கிறவை கள்ளு முட்டியைத்தான் பாத்துக்கொண்டு நிப்பினம், எப்ப இறங்கும் எண்டு. இந்தக் காட்டுக்காரன் நான் ஏறி முடியுமட்டும் என்னைப் பாத்துக்கொண்டு நிப்பான், விழுந்திடுவனோ எண்டு.”

எனக்கு அழுகை வந்தது. துடைக்கவும் இல்லை. நேரம் போகுது, நீங்கள் நடவுங்கோ, வழி இருட்டிவிடும் என்றார். சாப்பிட வருவீர்களா என்று திரும்பவும் கேட்டேன்.

“வாறன்” என்றார்.

எங்கள் பாசையில் வருகிறவரும் அதைத்தான் சொல்லுவார், விடைபெறுகிறவரும் அதைத்தான் சொல்லுவார். நான் ஹைமுக்கு வந்து ஆறு பேருக்குச் சோறு போட்டு வைத்தேன். ஐந்து பேர் சாப்பிட்டோம்.